பனிக்காலையில் ஸ்டார்ட் ஆகாத டிரெயில் பைக்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

ஜனவரி கடைசியில் அக்கரப்பத்தனைப் பக்கம் விடியற்காலை ஐந்தரைக்கு வெளியே வந்தால், பைக் சீட்டின் மேல் சீனி தூவியதுபோல் துகள் பனி கிடக்கும். நகத்தால் கோடு கிழிக்கலாம். அந்த நேரத்தில் கிக்கரை உதைத்துக்கொண்டு நிற்பது நான் மட்டும் இல்லை. மேட்டு லயத்திலிருந்து (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள்) ஒரு சத்தம் வரும், பணிய லயத்திலிருந்து ஒரு சத்தம் வரும். யாரைக் கேட்டாலும் காரணம் ஒன்றுதான்: "குளிருங்க, அதான்."

அந்தக் காரணத்தை நான் நம்பாமல் விட்டு நாளாகிவிட்டது. மலையகத்தில் ஓடும் செரோ, எக்ஸ்எல்ஆர், பாஜா, ஜெபெல், டிடிஆர் பைக்குகள் எல்லாம் பெரும்பாலும் ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தவை. முழங்கால் அளவுக்குப் பனி விழும் ஊர்கள் உள்ள நாடு அது. நுவரெலியாவில் மிகக் கொடுமையான விடியலில்கூட வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டித்தான் நிற்கும். சாதாரண நாட்களில் 8, 10 பாகை. ஒழுங்காக இருக்கும் 250 சிசி எஞ்சினுக்கு இது பெரிய குளிர் இல்லை. மத்தியானம் தெரியாமல் ஒளிந்திருக்கும் கோளாறுதான் விடியலில் தலையைக் காட்டுகிறது. அதைத் தேடிப் பிடிக்கத்தான் இது.

தேடுவதற்கு முன் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். பட்டிப்பொல இன்னும் கொஞ்சம் மேலே. இங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது என்பதால் ஓரளவு திரும்பக் கிடைக்கும், முழுக்கக் கிடைக்காது. ஆகவே கடலோரத்துக்கு அளவு வைத்த காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) இங்கே எப்போதுமே பெற்றோலைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றும். குளிர்ந்த எஞ்சின் கேட்பதும் அதிகப் பெற்றோல்தான். குளிரில் அது சரியாக ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்வதால் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. குளிர் "இன்னும் ஊற்று" என்கிறது, உயரம் "போதும்" என்கிறது. கீழேயிருந்து வந்தவர்கள் ஊரில் செய்வதுபோலவே, குளிரில் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்துப் பத்து உதை உதைத்து, பொறி அடிக்கும் பிளக்கைப் பெற்றோலில் குளிப்பாட்டிவிட்டு நிற்பது இதனால்தான்.

முதலில், உங்கள் சோக் எந்த வகை?

இதைத் தெரியாமல் மற்ற எதையும் செய்ய முடியாது. எயார் ஃபில்டர் பக்கமிருந்து காபரேட்டர் வாயைப் பாருங்கள். சோக்கை இழுக்கும்போது வாயை ஒரு தகடு மூடினால் அது தகட்டு சோக். தகடு இல்லை, காபரேட்டரின் பக்கவாட்டில் ஒரு குச்சி மட்டும் எழும்புகிறது என்றால், அது தனி வழியாகப் பெற்றோல் விடும் வகை. மிக்குனி காபரேட்டர்கள் பலவற்றில் இதுதான்.

இரண்டாவது வகையில் ஸ்டார்ட் பண்ணும்போது அக்சிலேட்டரைத் தொடவே கூடாது. அக்சிலேட்டர் மூடியிருந்தால்தான் எஞ்சினின் உறிஞ்சல் அந்தச் சின்ன வழிக்குப் போகும். திருப்பினால் ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவில் தம்பிலி குடிக்கிற கதைதான், காற்றுதான் வரும். "உதைக்கும்போது கொஞ்சம் ரேஸ் கொடு" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். அவர் ஓட்டிப் பழகியது வேறு பைக்.

திருப்பும்போது உள்ளே பெற்றோல் பீச்சும் பம்ப் உள்ள காபரேட்டர் என்றால், உதைப்பதற்கு முன் இரண்டு முறை திருப்பலாம். நம் உயரத்தில் மூன்றாவது முறை வேண்டாம்.

செல்ஃப் அழுத்தினால் "டிக்" மட்டும் கேட்கிறது

பெட்டரி. குளிரில் லெட் அசிட் பெட்டரியின் பலம் இறங்கும். பூச்சியத்துக்குப் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம். அதே நேரம் தடித்த ஒயிலைச் சுற்ற மோட்டாருக்குக் கூடுதல் பலம் வேண்டும். இரவு முழுக்க நின்ற பெட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நலம். 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. செல்ஃப் அழுத்தும்போது 9.5க்குக் கீழே சரிந்தால், சார்ஜ் போட்டும் அப்படியே சரிந்தால், மாற்ற வேண்டியதுதான். வாங்குவதற்கு முன் முனைகளைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டிப் பாருங்கள். இங்கே ஈரத்தில் பச்சைப் பூசணம்போல் பூத்திருக்கும். அதைத் துடைத்தே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

கிக்கர் இறுகுகிறது, முதல் கியர் போட்டதும் பைக் முன்னால் பாய்கிறது

இரண்டுக்கும் ஒரே காரணம்: ஒயில். கடையில் பைக்குக்கு என்று கேட்டால் பல இடங்களில் கையில் கொடுப்பது 20டபிள்யூ-50. கீழ்நாட்டு வெயிலுக்கு அது சரி. விடியலில் அது தேன் மாதிரி நிற்கும். 10டபிள்யூ-40க்கு மாறினால் உதைக்கும் காலுக்கே வித்தியாசம் தெரியும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்று இருக்கிறதா பாருங்கள். ஒயிலில் ஊறும் கிளட்சுக்கு அது தேவை.

பாய்வதற்குக் காரணம் கிளட்ச் தட்டுகள் இரவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி பைக்கை முன்னும் பின்னும் நான்கு முறை உருட்டுங்கள். முதலில் அசையாது, அப்புறம் "டப்" என்று விட்டுக்கொடுக்கும். சாக்கடை ஓரம் பைக் நிறுத்துகிறவர்கள் இதை மறக்காமல் செய்வது நல்லது.

எத்தனை உதைத்தாலும் ஒரு இருமல்கூட இல்லை

உதைக்கும் விதத்தை முதலில் சரிபார்ப்போம். படபடவென்று அரை உதைகளாக உதைப்பதில் பயனில்லை. கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் கல்போல் நிற்கும். அந்த இடத்தை மட்டும் மெல்லக் கடந்து, கிக்கரை மேலே வரவிட்டு, பின் அடிவரை ஒரே உதை. டீகம்ப்ரஷன் லீவர் (எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடுவது) உள்ள பைக்கில் கடக்கும்போது அதைப் பிடித்துவிடுங்கள். ஐந்து முழு உதைக்குள் எதுவும் இல்லையென்றால் காலை ஓய வைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். மீதிக் கதையை அதுதான் சொல்லும்.

*பிளக் நனைந்திருக்கிறது, பெற்றோல் மணக்கிறது.* மலையில் பத்தில் ஏழு முறை இதுதான் என்பது என் அனுபவம். பெற்றோல் டேப்பை மூடி, சாவியை அணைத்து, சோக்கை உள்ளே தள்ளி, அக்சிலேட்டரை முழுக்கத் திறந்தபடி பிளக் இல்லாமலே எட்டுப் பத்து முறை உதையுங்கள். உள்ளே தேங்கியது வெளியே போகும். பிளக்கைத் துடைத்து, உலர்த்தி, கொஞ்சம் சூடாக்கிப் பூட்டினால் பெரும்பாலும் உடனே பற்றும். எங்கள் வீட்டில் தேத்தண்ணிக் கேத்தல் அடுப்பில் இருக்கும் நேரம்தான் இது. அடுப்போரம் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். பெற்றோல் சொட்டும் பிளக்கோடு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

*பிளக் நனைந்திருக்கிறது, உலர்த்திப் பூட்டியும் பற்றவில்லை.* கரண்ட் வருகிறதா பாருங்கள். பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோகப் பாகம் எஞ்சின் உடம்பில் நன்றாகப் படும்படி, பிளக் துவாரத்திலிருந்து தள்ளி வையுங்கள். துவாரத்தின் வாயில் வைத்தால் வெளியே வரும் பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளும். பொறி நீலமாக "சட்" என்று அடிக்க வேண்டும். மஞ்சளாக, மெலிதாக அடித்தால் குளிர்ந்த எஞ்சினுக்குள் அழுத்தத்தில் அது அணைந்துபோகும். இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள், பழைய 250களில் பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர், ஆனால் உங்கள் பைக்கின் கையேடு சொல்வதுதான் முடிவு.

இந்த இடத்தில் நான் மூன்று நாள் ஏமாந்திருக்கிறேன். ஜூலை மாதம், விடாத தூறல். பிளக் புதுசு, வெளியே வைத்துப் பார்த்தால் பொறி நன்றாக அடிக்கிறது, பூட்டினால் சத்தமில்லை. கராஜ் பாஸ் ஒருவர் இரவு ஏழு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, "அந்த டோர்ச்ச அணைங்க தம்பி, அப்புறம் ஒதைங்க" என்றார். அணைத்தேன். இருட்டில் உதைத்தபோது பிளக் தொப்பியின் கழுத்திலிருந்து சிலிண்டர் செதில் வரைக்கும் ஒரு நீல நூல் ஊர்ந்தது. ஒவ்வொரு உதைக்கும் ஒரு தரம், மிக மெல்லிய "டிக்". கரண்ட் எல்லாம் ஈரத்தின் வழியே வெளியிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. வயரின் நுனியில் ஐந்து மில்லிமீட்டர் வெட்டி, தொப்பியைத் துடைத்து மறுபடி திருகி, உள்ளே கொஞ்சம் சிலிக்கன் கிரீஸ் தடவினார். இரண்டாவது உதையில் பிடித்தது.

தவறு என்னுடையதுதான். பைக் நனையக் கூடாது என்று பழைய படங்கால் இறுக்கிப் போர்த்தி வைத்திருந்தேன். மண்ணிலிருந்து எழும் ஈரம் முழுக்க உள்ளேயே நின்று வியர்த்திருக்கிறது. போர்த்துவதாக இருந்தால் சீட்டையும் டாங்கையும் மட்டும் மூடி, எஞ்சின் பக்கம் காற்றாட விடுங்கள்.

*பிளக் உலர்ந்து கிடக்கிறது.* பெற்றோல் வந்து சேரவில்லை. டேப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், எல்லோருக்கும் நடக்கும். பிறகு காபரேட்டர் அடியில் உள்ள வடிதிருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடியுங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் டேப்பின் சல்லடையோ டியூபோ அடைத்திருக்கிறது. வந்தால் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்து ஆட்டுங்கள். அடியில் முத்து முத்தாய்ப் பெற்றோலோடு சேராமல் உருளுவது தண்ணீர். பாதி காலியான டாங்குக்குள் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி அடித்தால் உள்சுவர் வியர்த்து, அது அடியில் இறங்கிவிடும். குளிர் மாதங்களில் டாங்கை நிரப்பி நிறுத்துவதுதான் வழி.

பழைய பெற்றோலும் இதே அறிகுறியைக் காட்டும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று, கியூஆர் கோட்டில் கிடைத்ததைக் கேனில் சேர்த்து வைத்தோமே, அந்தப் பழக்கம் இன்னும் சில வீடுகளில் போகவில்லை. பெற்றோலில் சீக்கிரம் ஆவியாகும் பங்குதான் முதலில் பறந்துபோகும். ஸ்டார்ட் ஆக அந்தப் பங்குதான் தேவை. மாதக்கணக்கில் கிடந்த பெற்றோலில் பைக் மத்தியானம் பற்றும், விடியலில் பற்றாது. ஒக்டேன் 95 ஊற்றினால் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும் என்பதும் வெறும் நம்பிக்கை. உயரத்தில் எஞ்சினுக்கு ஒக்டேன் தேவை குறைகிறது. கையேடு 92 போதும் என்றால் 92 போதும். புதிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கரண்ட் சரி, பெற்றோல் சரி, எயார் ஃபில்டரும் சுத்தம், இருந்தும் குளிரில் மட்டும் அடம் பிடிக்கிறது என்றால் வால்வு இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். இறுகிய வால்வு குளிரில் முழுதாக மூடாமல் அழுத்தத்தைக் கசிய விடும்.

பற்றுகிறது, ஆனால் சோக்கைத் தள்ளியதும் செத்துவிடுகிறது

அரை நிமிடத்தில் தள்ளியிருந்தால் அவசரப்பட்டது நீங்கள். பாதி தள்ளி இன்னும் கொஞ்சம் பொறுங்கள். மூன்று நிமிடம் ஓடிய பிறகும் சோக் இல்லாமல் ஸ்லோவில் (அக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் மெல்ல ஓடுவது) நிற்கவில்லையென்றால், அதற்குப் பெற்றோல் விடும் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. அதன் துவாரம் மிகச் சிறியது. கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். ஊசியை விட்டுக் குடையாதீர்கள், துவாரம் பெரிதானால் ஜெட் வீண்.

ஸ்லோ ஏறி ஏறி இறங்கினால் சந்தேகம் வேறு. காபரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழல் வயதாகி வெடித்திருக்கும். இருபது, முப்பது வருடப் பைக்குகளில் அதிசயமில்லை. குளிரில் ரப்பர் விறைத்து வெடிப்பு வாயைத் திறக்கும், சூடானதும் மூடிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது அந்தக் குழலைச் சுற்றி மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் காற்று புகுகிறது.

ஸ்டார்ட் ஆகிறது, கறுப்புப் புகை, பிளக்கில் கரி

காபரேட்டரில் இருப்பது கீழ்நாட்டு அளவு. எயார் ஃபில்டர் ஈரமாகவோ ஒயில் அதிகமாகவோ இல்லையென்றால், காபரேட்டர் நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் நீடில் இறங்கிப் பெற்றோல் குறையும். ஸ்லோ திருகு எயார் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பினால் பெற்றோல் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் உள்ளே திருப்ப வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் போகாதீர்கள். கொழும்புக்கு அடிக்கடி இறங்குகிறவர்கள் மெயின் ஜெட்டைச் (வேகமாக ஓடும்போது பெற்றோல் விடுவது) சிறிதாக்க வேண்டாம், அங்கே பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறிவிடும்.

நன்றாக ஸ்டார்ட் ஆகி, மூடுபனிக்குள் போனதும் அணைகிறது

இதுதான் எல்லோரையும் பைத்தியமாக்குவது. அம்பேவெலயைத் தாண்டிப் பட்டிப்பொலைக்கு ஏறும்போது மூடுபனி வந்து மோதும். பத்து நிமிடத்தில் எஞ்சின் இழுக்க மறுக்கும், ஸ்லோ இறங்கும், அணையும். ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு பிளேன்டி குடித்து வந்தால் ஒரே உதையில் பற்றும், ஒன்றுமே நடக்காததுபோல். கராஜில் கழற்றிப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது.

காபரேட்டருக்குள் உறைந்துபோகிறது. பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை எடுத்துக்கொள்ளும். கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்குமே, அதேதான். காபரேட்டர் தொண்டையில் வெப்பநிலை 15, 20 பாகைகூடச் சரியும். வெளியே 8 பாகை, காற்றில் ஈரம் நிறைய என்றால் அந்த ஈரம் அக்சிலேட்டர் தகட்டைச் சுற்றிப் பனிக்கட்டியாய்ப் பிடித்து வழியை அடைக்கிறது. நிறுத்தினால் எஞ்சின் சூடு மேலேறி உருக்கிவிடும், தடயமும் போய்விடும். கடும் உலர் குளிரைவிட நம் ஈரக்குளிரில்தான் இது அதிகம்.

முதலில் வேறொன்றை விலக்குங்கள். அணைந்ததும் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத்துவாரம் அடைத்திருக்கிறது. அது இல்லையென்றால் உறைவுதான். எஞ்சின் நன்றாகச் சூடாகாமல் மூடுபனிக்குள் நுழையாதீர்கள். நீண்ட இறக்கத்தில் அக்சிலேட்டரை மூடியே விட்டுவிடாமல் அடிக்கடி கொஞ்சம் திறந்து மூடுங்கள். அணைந்துவிட்டால் செல்ஃப் அழுத்தியும் உதைத்தும் பெட்டரியையும் காலையும் தேய்க்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள்.

எவ்வளவு நேரம் சூடாக்குவது?

காற்றில் குளிரும் 200, 250 சிசி எஞ்சினுக்கு ஒன்றரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம். பற்றியதும் உறுமவிட வேண்டாம். ஒயில் மேலே கேம் வரை ஏறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். சோக்கைப் பாதியாக்கி, பிறகு முழுக்கத் தள்ளி, சிலிண்டர் தலைக்குப் பக்கத்தில் புறங்கையை நீட்டிப் பாருங்கள். இளஞ்சூடு தெரிந்தால் கிளம்பலாம். முதல் இரண்டு கிலோமீட்டர் பாதி அக்சிலேட்டருக்கு மேல் வேண்டாம். பணிய லயத்துக்காரர்களுக்கு வீட்டு வாசலிலிருந்தே செங்குத்து ஏற்றம் என்பதால் கூடுதலாக ஒரு நிமிடம். பத்து நிமிடம் ஸ்லோவில் விட்டுவிட்டுக் குளிக்கப் போகிறவர்கள் பெற்றோலைத்தான் எரிக்கிறார்கள். பிளக் கரி பிடிக்கும், எரியாத பெற்றோல் ஒயிலில் இறங்கும்.

இஸ்தோப்புக்குள்ளே (வீட்டு முன் தாழ்வாரம்) வைத்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள். குளிருக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் மூடிப் பிள்ளைகள் தூங்கும் நேரம் அது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. பைக்கை வாசலுக்கு இறக்கிய பிறகுதான் சாவி.

தியத்தலாவ பொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஓடும் மோட்டோகுரோஸ் பைக்குகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. தண்ணீரில் குளிரும் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் முதலில் சூடாகி விரியும், சிலிண்டர் குளிராகவே நிற்கும். அப்போது முழு ரேஸ் கொடுத்தால் இரண்டும் கவ்விக்கொள்ளும். ரேடியேட்டர் இரண்டு பக்கமும் கையில் சுடும்வரை பொறுக்க வேண்டும்.

ஒயில் கண்ணாடியில் பால் மாதிரி

வீட்டிலிருந்து பெரட்டுக் களம் (காலையில் தோட்ட வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்), களத்திலிருந்து வீடு என்று அரைக் கிலோமீட்டர் மட்டும் ஓடும் பைக்கில் இது வரும். உள்ளே வியர்க்கும் ஈரம் ஆவியாகிப் போகச் சூடு போதவில்லை. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள். அப்படியும் வெளுப்பு மாறாவிட்டால் ஒயிலை மாற்றுங்கள். தண்ணீரில் குளிரும் எஞ்சின் என்றால் ஓட்டாமல் கராஜில் காட்டுங்கள்.

கடைசியாக, இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது

மலையில் பிறந்தவனுக்கு இது கைவந்த கலை. இரண்டாம் கியர், கிளட்சைப் பிடித்து உருளவிட்டு, சீட்டில் பாரம் விழும் நொடியில் கிளட்சை விட வேண்டும். பாரம் விழாவிட்டால் பின் டயர் பனி ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போகும். காபரேட்டர் பைக்குக்கு மட்டும்தான் இதை நம்பலாம். இன்ஜெக்ஷன் பைக்கில் பெட்டரி முழுதாகச் செத்திருந்தால் பெற்றோல் பம்ப் ஓடாது. சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி "ஙீ" என்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான் பம்ப். என் மச்சான் அந்தச் சத்தம் இல்லாமலே புதுப் பைக்கைச் சந்தி வரைக்கும் உருட்டிக்கொண்டு போனான். திரும்ப மேலே தள்ளிக்கொண்டு வர மூன்று பேர் போனோம்.